சொல்லிவிட்டுப் போ

நான் போன நாட்டின் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஒருவருக்கு ஆகாது. அரபு நாடு. திருச்சியிலிருந்து விமானத்தில் நாலு மணி நேரம். அது போதும்.

ஐந்து நாள் போய் வந்தேன். சுற்றிப்பார்க்கப் போகவில்லை. ஒன்பது வருசமாக ஊர் திரும்பாத என் வீட்டுக்காரரைக் கூட்டிவரப் போனேன்.

எங்களுக்குச் செந்துறை. எனக்கு முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. வெளியூர் என்றால் அரியலூர், பெரம்பலூர், ஒருதரம் சமயபுரம். அவ்வளவுதான் நான் பார்த்த உலகம்.

கிளம்பும்போது கொழுந்தன் பெண்டாட்டி செல்வி வாசலை மறித்துக்கொண்டாள்.

"அக்கா, சொல்லிட்டுப் போங்க. எல்லார் காதுலயும் வுழுற மாதிரி."

"போயிட்டு வரேன்."

"இன்னொரு தரம்."

"பஸ்ஸு போயிரும்டி."

"போனா போவுது. சொல்லுங்கக்கா."

இரண்டு தரம் சொன்னேன். மகள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள். பன்னிரண்டு வயசு. அவர் போனபோது மூன்று. "அம்மா, அப்பா எவ்ளோ உசரம்?" என்று கேட்டாள். போனில் முகம் மட்டும்தானே தெரியும். வீட்டு வாசல் நிலையில் ஒரு இடத்தைக் காலையில்தான் தொட்டுக் காட்டியிருந்தேன். மறுபடியும் கையைத் தூக்கிக் காட்டினேன். "இவ்ளோ."

செல்வி இரண்டு தரம் சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது. போயிட்டு வரேன் என்று சொன்னால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். எழுந்திருக்க வேண்டும், செருப்பை மாட்ட வேண்டும், யார் முகத்தையும் பார்க்காமல் நடக்க வேண்டும்.

மாமனார் செத்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்கு விமானம். விசா நாள் முடிகிறது, தள்ளிப்போட முடியாது. சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்து குளித்தார். பையை எடுத்தார். வாசலில் பந்தல் கூடப் பிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "தனம், போயிட்டு..." என்று வாயெடுத்தார். நான் கையால் அவர் வாயைப் பொத்தினேன். பேசாமல் போனார்.

நல்ல வேளை பொத்தினாய் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

அங்கே கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சம்பளம் கொடுக்கவில்லை. இரண்டாம் வருசம் ஓடிவிட்டார். ஓடிப்போனவன் என்று கம்பெனி கேஸ் எழுதியது. அதற்குப் பிறகு ஒளிந்து ஒளிந்துதான் வேலை. இப்போது அந்த நாட்டுக்காரர்கள், கேஸ் இருக்கிறவர்கள் ஒரு மாதத்துக்குள் தண்டனை இல்லாமல் வெளியேறலாம் என்று சொல்லியிருந்தார்கள். அங்கே மளிகைக்கடை வைத்திருக்கும் லப்பைக்குடிக்காட்டுக் காதர் பாய் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அவுட்பாஸ் வாங்கி வச்சுட்டேன். ஏர்போர்ட்டுல எக்ஸிட் முத்திரை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. உன் ஆளு இன்னைக்கு வரேன், நாளைக்கு வரேங்குறான். நீ வந்து கையப் புடிச்சு இழுத்தாத்தான் ஆவும்."

போனேன்.

அரியலூர் தாண்டி சிமெண்ட் லாரி ஒன்று வளைவில் குறுக்கே நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். ஒரு மணி நேரம் பஸ் அசையவில்லை. சாலையோரத்துப் புளியமரமெல்லாம் சிமெண்ட் தூசியில் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் பெரிய பையைப் பார்த்தார்.

"எங்கம்மா, மக வூட்டுக்கா?"

"ப்ளைட்டுக்குங்க."

"ப்ளைட்டுக்கா! யோவ் கண்டக்டரு, இந்தம்மா ப்ளைட்டப் புடிக்கணுமாம். லாரி மேல ஏத்திப் பறக்க வுடுய்யா."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காதர் பாயின் மனைவி காத்திருந்தார். அவர் கணவரும் ஊருக்கு வந்துபோய் மூன்று வருசம் ஆகிறது. ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அவர்கள் பேச்சில் அக்காவுக்கு லாத்தா.

"மருந்து இருக்கு லாத்தா, அவருக்கு. ரெண்டு வேளை மறக்காமத் திங்கச் சொல்லுங்க. உங்க ஆளக் கூட்டிட்டு வரும்போது பையில எடமிருந்தா எங்க ஆளயும் போட்டுத் தூக்கிட்டு வந்துருங்க."

"எடம் பண்ணுறேன்" என்றேன்.

விமானத்தில் பக்கத்து சீட்டு தா.பழூர்க்காரர். மூன்றாம் தடவை போகிறார். வண்டி தரையை விட்டு எழுந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே எனக்குப் பெல்ட்டைக் கழற்றக் காட்டிக்கொடுத்தார். பிறகு சோறு வந்தது. நன்றாகச் சாப்பிட்டார். "அழுவ வேண்டியது அழுதாச்சுங்க. இனிமே ரெண்டு வருசத்துக்குத் தேவையில்ல."

ஒரு வீட்டை விட்டுக் கிளம்ப எத்தனை விதமான முறை வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே போனேன். பெண் புகுந்த வீட்டுக்குப் போனால் அழ வேண்டும். பரீட்சைக்குப் போனால் யாராவது எதிரே நிறைகுடம் கொண்டு வர வேண்டும். பிணம் போனால் பின்னாலேயே வாசலைக் கழுவ வேண்டும். வெளிநாடு போகிறவருக்கு எங்களிடம் முறை இல்லை. அது புதுசாக வந்தது. அவரவருக்குத் தோன்றியதைச் செய்கிறோம்.

அங்கே இறங்கியதும் பையைத் திறக்கச் சொன்னார்கள். முந்திரிப்பருப்பைத் தொட்டுப் பார்த்தார்கள். புளியை முகர்ந்து பார்த்தார்கள். கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். கையாலேயே போ போ என்றார். வெளியே காதர் பாய் நின்றார்.

"கருவாட்டு வாசம் மொதல்ல வந்துச்சு. தங்கச்சி பின்னாடி வருதுன்னு தெரிஞ்சுகிட்டேன்."

சாப்பிடக் கூட்டிப்போனார். ஒரு பெரிய தட்டில் சோறு, மேலே முழுக் கோழி. தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் புருசன் பெண்டாட்டிக்கே தனித்தனி இலை. எனக்குக் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் போதும் என்றேன். ரொட்டி ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடுகிறது.

அந்த ஊரில் எங்கே பார்த்தாலும் ஒரு பச்சை விளக்கு. கதவுக்கு வெளியே ஒரு ஆள் ஓடுகிற படம். கடையில், ஆஸ்பத்திரியில், காதர் பாய் என்னைத் தங்கவைத்த தெரிந்தவர் வீட்டு மாடிப்படியில் கூட. "வெளிய போற வழி" என்றார் பாய். ஆளுக்கு முகம் இல்லை. ஓடிப்போனவன் என்று கம்பெனி எழுதியது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் பாயின் வண்டியில், என் வீட்டுக்காரர் ஒளிந்து வேலை பார்க்கிற தோட்டத்துக்குப் போனோம். மூன்று மணி நேரம். வழியெல்லாம் மொட்டை மலை. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைக் கவிழ்த்து வைத்தால் இப்படித்தான் இருக்கும். கடைசி இரண்டு மைல் மண் பாதை. சக்கரம் மணலில் புதைந்தது. தண்ணி லாரியில் வந்த ஒரு பட்டாணியர் இறங்கி வந்து தள்ளினார். நான் இறங்கப் போனேன். அவர் ஏதோ சொன்னார். பாய் சிரித்தார்.

"பொம்பளைய எறக்காதங்குறான். கனமாத்தான் இருக்கு, பரவால்லயாம்."

பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. அவர் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் மகளுக்குக் காட்டிய இடத்துக்கு நாலு விரற்கடை கீழே இருந்தார்.

"தண்ணி குடிக்கிறியா?" என்றார். ஒன்பது வருசத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

குடித்தேன்.

கூட ஒரு வங்காளதேசத்து ஆள் இருந்தார். நல்ல மனிதர். தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே படுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் பாயிடம் இந்தியில் எதையோ கேட்டார். பாய் என்னிடம் திரும்பினார்.

"பொய்யாதநல்லூர், ராயம்புரம், செந்துறை... இதெல்லாம் என்னன்னு கேக்குறான் தங்கச்சி. உன் ஆளு தூக்கத்துல தெனம் இதச் சொல்றானாம். மந்திரமான்னு கேக்குறான்."

அரியலூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுகிற பெயர்கள். "ஸ்டாப்பிங்குன்னு சொல்லுங்க" என்றேன். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். மூன்று ஆண்களும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். அவரும் அந்த ஊர்ப் பழக்கத்துக்கு வந்துவிட்டார். நான் தனியாகப் போட்டுக்கொண்டேன். பாயும் வங்காளியும் எழுந்து போன பிறகு கேட்டேன்.

"வரீங்களா இல்லையா?"

"வந்து?"

"வந்து என்ன? வூட்டுல இருங்க."

"வெறுங்கையோட எவன் முன்னாடி போயி நிக்கிறது?"

"எவன் முன்னாடியும் வேணாம். எம் முன்னாடி நில்லுங்க."

தட்டில் ஒட்டியிருந்த குழம்பை வழித்தார். பிறகு, "அன்னைக்கு நீ வாயப் பொத்துனப்பவே நெனச்சேன்" என்றார்.

"என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணுமில்ல. கொழம்பு நல்லாருக்கு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பாய் அவரைத் திட்டினார். "உனக்காக ஒரு பொம்பள கடல் தாண்டி வந்திருக்கு. எம் பொண்டாட்டி வந்து கூப்புட்டா நான் கடைய அப்படியே போட்டுட்டு ஓடுவேன்டா, நன்றி கெட்டவனே." அவர் எழுந்து போய்க் குளித்தார். முடி வெட்டிக்கொண்டார். வங்காளிதான் வெட்டிவிட்டார். "சரி, போவலாம்" என்றார். அவர் கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் வேலையில் தேய்ந்து வழவழவென்று இருந்தது. என்னுடையதும் அப்படித்தான். முந்திரிக்கொட்டைத் தோட்டின் பால் சுட்டு ரேகை போய்விட்டது. ரேஷன் கடை மிஷினில் என் கைரேகை விழாது, கண்ணைக் காட்டித்தான் அரிசி வாங்குகிறேன். ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆகிவிட்டோம் என்றுதான் அப்போது நினைத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

நாலாம் நாள் கிளம்பினோம். அவர் கடைசியாக ஒருதரம் மரங்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார். பாத்தி நிறைகிற வரை நின்று பார்த்து மூடினார். ஒரே ஒரு பை. வங்காளியிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினார்.

"அவங்கிட்ட சொல்லிக்கிட்டு வாங்களேன்."

"என்னன்னு சொல்லுறது? வரேன்னு சொன்னா பொய்யி. போறேன்னு சொல்ல வாய் வரல."

வண்டி நகர்ந்த பிறகு வங்காளி பின்னாலேயே ஓடிவந்தார். ஜன்னல் வழியாக ஒரு டப்பாப் பேரீச்சம்பழத்தை என் மடியில் போட்டார். "பொய்யாதநல்லூர்! ராயம்புரம்! செந்துறை!" என்று கத்தினார். அவருக்குத் தெரிந்த தமிழ் அதுதான். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

விமான நிலையத்துக்குள் பாயை விடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம். முதலில் நான். முத்திரை குத்தினார்கள், கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டேன். அடுத்தது அவர். பேப்பரைக் கொடுத்தார். விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். எச்சில் தொட்டு வைத்தார். வலது கை, இடது கை, கட்டை விரல். மிஷின் எடுக்கவில்லை. அதிகாரி எழுந்தார், இன்னொருவர் வந்தார், பக்கத்து அறையைக் காட்டினார்கள்.

நான் திரும்பி ஓடினேன். ஒரு போலீஸ்காரப் பெண் கையை நீட்டி மறித்தாள். அவள் பேசியதை வரிசையில் நின்ற ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார். "முத்திரை குத்தியாச்சாம், அம்மா. நீங்க நாட்ட வுட்டு வெளிய போயிட்டீங்களாம். இனிமே அந்தப் பக்கம் போவ முடியாதாம்."

பத்தடி தூரம்தான். அவர் முகம் தெரிந்தது.

"நான் இருக்கேன்" என்று கத்தினேன். "ப்ளைட்டு போனா போவட்டும். இருக்கேன்."

அவர் கையைக் காட்டினார். பதறவில்லை. எங்கள் வாசலில் நின்று என்னைக் கடைத்தெருவுக்கு அனுப்புகிற மாதிரிதான் இருந்தது முகம்.

"நீ போயிட்டு வா" என்றார்.

அறைக்குள் போனார். விமானம் கிளம்பும் வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு மேலே அந்தப் பச்சை விளக்கு எரிந்தது. என்னை இரண்டு பேர் கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்கள். பக்கத்து சீட்டு காலி. அதற்கும் ஒரு சோற்றுப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனாள் விமானத்தில் சோறு கொடுக்கிற பெண். நான் தொடவில்லை.

திருச்சியில் இறங்கியதும் பாய்க்குப் போன் போட்டேன்.

"பயப்படாத தங்கச்சி. ஏர்போர்ட்டுல விசாரிச்சுட்டேன். கை வுழலைன்னா ஒரு ஆபீசு இருக்கு. அங்க போயி கண்ணக் காட்டிப் பதிஞ்சுட்டு வரச்சொல்லி வெளிய வுட்டுட்டாங்களாம். ரெண்டு நாள் வேலை. எப்புடியும் எங்கடைக்குத்தான் வருவான்."

"வந்துட்டாரா?"

"வரல. வருவான்."

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பாயின் மனைவி தூக்குவாளியோடு நின்றிருந்தார். இரண்டு பேருக்குப் பிரியாணி. நான் தனியாக இறங்குவதைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இறங்கினவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தார். பஸ் காலியான பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். வாளியை என் பையில் வைத்தார்.

"வரேன் லாத்தா. அல்லா இருக்கான். போயிட்டு வரேன்" என்றார்.

அரியலூரில் பஸ் மாறினேன். டிரைவருக்குப் பின் சீட்டு. கண்டக்டர் வழக்கம்போலக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். பொய்யாதநல்லூர். இரண்டு பேர் இறங்கினார்கள். ராயம்புரம். ஒரு அம்மா கோழியோடு இறங்கினார். செந்துறை. நான் உட்கார்ந்தே இருந்தேன். "செந்துறைங்கம்மா, எறங்கல?" என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

மகள் ஓடி வந்தாள். என் பின்னால் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டாள். "அடுத்த ப்ளைட்டுல வராரு" என்றேன். பையைச் சுமந்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வாசல் நிலையைத் தாண்டும்போது நான் காட்டிய இடத்தைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனாள். நாலு விரற்கடை குறைத்துச் சொல்லத் தோன்றவில்லை.

அவர் பாய் கடைக்கு வரவில்லை. தோட்டத்துக்கும் போகவில்லை. போன் அணைந்திருந்தது. பாய் அந்த ஆபீசுக்கே போய்க் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஆள் வரவே இல்லை என்றார்களாம்.

"மிஷின்ல கை வுழலைங்கிறது நெசந்தான் தங்கச்சி" என்றார் பாய். "வெளிய வுட்டப்போ அவன் எந்தப் பக்கம் நடந்தாங்கிறதுதான் தெரியல."

எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துப் போயிட்டு வா என்றார். வீட்டில் இருக்கிறவர்தான் வெளியே போகிறவரிடம் அதைச் சொல்வார். அவருக்கு வீடு எந்தப் பக்கம் ஆகிவிட்டது என்று அந்தக் கம்பிக்குப் பக்கத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி இத்தனை நாள் போன் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்டுக்காரர்கள் கொடுத்த மாதம் முடிந்தது. இனிமேல் பிடித்தால் ஜெயில். மறுநாள் காலையில் தெருவில் உள்ளவர்கள் வந்தார்கள். யார் சொன்னார்கள் என்று தெரியாது. பெண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். ஆண்கள் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றார்கள். யாரோ காப்பி போட்டார்கள். என்னை அடுப்புப் பக்கம் விடவில்லை. வங்காளி கொடுத்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.

"ஏதோ அவந் தலையெழுத்து" என்றார் ஒருவர்.

"பொண்ணு இருக்கு. அதப் பாத்துக்க" என்றார் இன்னொருவர்.

கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். செருப்பை மாட்டினார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நடந்தார்கள். மூன்றாவது ஆள் போகும்போதுதான் கவனித்தேன். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

கடைசியில் செல்வி மட்டும் இருந்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு காலில் செருப்பைப் போட்டாள். இன்னொரு செருப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

"சொல்லிட்டுப் போ."

"அக்கா..."

"ரெண்டு தரம் சொல்லச் சொன்னியே. நீ ஒரு தரம் சொல்லு."

ஒற்றைச் செருப்போடு நின்றாள். தெருவைப் பார்த்தாள். வாய் திறந்தது, மூடியது. நான் செருப்பைக் கொடுக்கவில்லை. மற்றக் காலில் இருந்ததையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு படி இறங்கிப் போய்விட்டாள். வெயில் ஏறிவிட்டது. தார் ரோட்டில் எட்டி எட்டி வைத்துக்கொண்டு போனாள்.

அவள் செருப்பு இரண்டும் இன்னும் எங்கள் வாசலில்தான் கிடக்கிறது. அவளும் வந்து எடுக்கவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.